தண்ணிக்கு 0 காட்டுதா? அதை முதல்ல சொல்லுங்க

நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. வீட்டில் யாருக்காவது சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தா கண்டிப்பா படிங்க.

போன வாரம் ஒரே ஃபார்வர்ட் எனக்கு நாலு குரூப்ல வந்துச்சு. "கார்பன் நானோ குழாய் எக்ஸ்ரே வந்தாச்சு! சூடு இல்லை, சுத்துற மெஷின் இல்லை, கதிர்வீச்சு பயமே இல்லை. இனி ஆம்புலன்ஸிலேயே சி.டி. ஸ்கேன்!" கூடவே பளபளன்னு ஒரு வெள்ளை மெஷின் படம். முதல் மூணையும் கண்டுக்காம விட்டுட்டேன். நாலாவதா அனுப்பினவர் என்கூட எம்.பி.பி.எஸ். படிச்சவர். சொந்தமா ஸ்கேன் சென்டர் ஆரம்பிக்கலாம்னு யோசிச்சிட்டு இருக்கார். "மச்சி, கொஞ்சம் வெயிட் பண்ணி இதையே வாங்கிடலாமா?"ன்னு கேட்டிருந்தார்.

நான் திருப்பிக் கேட்டேன்: "தண்ணிய வெச்சு ஸ்கேன் பண்ணா 0 காட்டுமா? தினமும் காட்டுமா? காட்டுதான்னு யார் பார்ப்பா?"

பதிலுக்கு ஒரு சிரிப்பு ஸ்மைலி வந்துச்சு. ஒரு டாக்டருக்கே இது ஜோக்கா தெரியுதுன்னா, மத்தவங்களுக்கு இதை யாருமே சொல்லலைன்னு அர்த்தம். அதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல்ல அந்த ஃபார்வர்டில் எது நிஜம், எது ரீல்னு பார்த்துடுவோம்.

எக்ஸ்ரே பிறக்கிற விதம் 1895-ல் ரான்ட்ஜன் கண்டுபிடிச்ச நாளிலிருந்து மாறவே இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு குழாய்க்குள் எலக்ட்ரான்களை வேகமா ஓடவிட்டு ஒரு உலோகத் தட்டில் மோதவிடணும். மோதுற இடத்தில் எக்ஸ்ரே கிளம்பும். அந்த எலக்ட்ரானை எங்கிருந்து எடுக்கிறது என்பதுதான் கேள்வி. 1913-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த வில்லியம் கூலிட்ஜ் ஒரு நல்ல வழியைக் கொடுத்தார். டங்ஸ்டன் இழையைப் பழைய குண்டு பல்பு மாதிரி 2000 டிகிரிக்கு மேல் சூடாக்கு, எலக்ட்ரான் தானா கொதிச்சு வெளியே வரும். உங்க ஊர் சி.டி. மெஷினுக்குள்ள இன்னிக்கும் அடிப்படையில் அந்த ஏற்பாடுதான் இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

நானோ குழாய் இந்த இடத்தில்தான் வருது. 1991-ல் ஜப்பானில் சுமியோ இஜிமா கார்பன் நானோ குழாய்களைப் பத்தி எழுதினதிலிருந்து உலகமே அதன் பின்னால் ஓட ஆரம்பிச்சது. தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய கார்பன் குழல் அது. முனை அவ்வளவு கூர்மையா இருக்கிறதால மின்புலம் எல்லாம் அங்கே போய்க் குவியும். கோபுர உச்சியில் இருக்கிற இடிதாங்கியை நினைச்சுக்கோங்க. சூடே பண்ணாமல், வோல்டேஜ் கொடுத்த உடனே எலக்ட்ரான் முனையிலிருந்து உருவப்பட்டு வந்துடும். 2002-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஓட்டோ ஜோவும் அவர் கூட்டாளிகளும் இப்படி ஒரு குழாயை வெச்சு உடம்பைப் படம் எடுக்கிற அளவுக்கு எக்ஸ்ரே வரவெச்சுக் காட்டினாங்க.

இதில் நிஜமான லாபம் இருக்கு. மறுக்கவே மாட்டேன். மைக்ரோ செகண்டுகளில் போடலாம், அணைக்கலாம். ஒவ்வொரு முனையும் சின்னது என்பதால் வரிசையா பல மூலங்களை அடுக்கலாம். இப்ப இருக்கிற சி.டி.யில் ஒரே ஒரு எக்ஸ்ரே குழாய் உங்களைச் சுத்திச் சுத்தி ஓடுது. அதுக்குப் பதிலா நிறைய மூலங்களை நிலையா வெச்சு, திருவிழா சீரியல் செட் பல்பு மாதிரி ஒண்ணு மாத்தி ஒண்ணு எரியவிட்டா போதும், எதுவும் நகர வேண்டாம். அதே வட கரோலினா குழு, மார்பகப் படம் எடுக்கிற ஒரு மெஷினில் நகரும் குழாயைக் கழட்டிட்டு 31 நானோ குழாய் மூலங்களை வரிசையா பொருத்திப் பார்த்தாங்க. குழாய் நகர்றதால வர்ற மங்கல் போயிடுச்சு. நல்ல வேலை.

ஆனா "சூடு இல்லை" என்பது பாதிப் பொய். எலக்ட்ரான் கிளம்புற பக்கம் சூடு இல்லை. மோதுற பக்கம்? போட்ட சக்தியில் சுமார் 99 சதவீதம் வெப்பமாத்தான் போகுது. 1 சதவீதம்கூட எக்ஸ்ரேயா தேறுவதில்லை. கூலிட்ஜ் காலத்திலும் அப்படித்தான், நானோ குழாயிலும் அப்படித்தான். சாதாரண சி.டி. குழாயில் அந்தத் தட்டு அசுர வேகத்தில் சுத்தும், அதனால ஒரே இடம் உருகாம தப்பிக்குது. வரிசையா அடுக்கின சின்ன மூலங்களில் தட்டு சுத்தாது. அதனால ஒவ்வொண்ணும் தாங்குற கரண்ட் கம்மி. பெரிய சி.டி. குழாய் பல நூறு மில்லி ஆம்பியரில் ஓடும்போது இவை பெரும்பாலும் சில பத்துகளில்தான் நிற்குது. இது ஃபார்வர்டில் வராது.

"கதிர்வீச்சு பயம் இல்லை" என்பது முழுப் பொய். தீக்குச்சியில் பத்த வெச்சாலும் லைட்டரில் பத்த வெச்சாலும் சிகரெட் சிகரெட்தான். 120 கிலோ வோல்ட்டில் டங்ஸ்டனில் மோதின எலக்ட்ரான் எங்கிருந்து கிளம்பிச்சுன்னு வெளியே வர்ற எக்ஸ்ரேக்குத் தெரியாது. உடம்புக்கும் தெரியாது. படம் தெளிவா வரணும்னா தேவையான அளவு எக்ஸ்ரே உடம்பைத் தாண்டி மறுபக்கம் வந்தே ஆகணும். சட்டுனு போட்டு அணைக்கிற வசதியை வெச்சு, மூச்சு நின்ன நொடியில் மட்டும் சுடலாம், அதனால வீணாகிற டோஸ் குறையலாம். அவ்வளவுதான். குறைவு வேற, இல்லை என்பது வேற.

சரி, இதெல்லாம் சின்னச் சின்ன ரீல். என் கோபம் இதுக்கில்லை.

சி.டி. ஸ்கேன் என்றால் என்னன்னு கேட்டா எல்லாரும் "உள்ளே இருக்கிறதைப் படம் எடுக்கிறது" என்பீங்க. டாக்டர்களும் அப்படித்தான் சொல்றோம். தப்பு. சி.டி. ஒரு அளவுகோல். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஒரு எண் இருக்கு. தண்ணிக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100 பக்கம். புதுசா உறைஞ்ச ரத்தம் 60, 70 பக்கம். எலும்பு பல நூறு, ஆயிரம்னு போகும். இதுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணுன்னு பேர். 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் பண்ணின இயந்திரத்தைச் செஞ்சவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். அந்த முதல் மெஷினில் நோயாளியின் தலையைச் சுத்தி ரப்பர் உறைக்கு வெளியே தண்ணியே நிரப்பியிருப்பாங்க. 80-க்கு 80 கட்டம்தான் படம், இன்னிக்கு உங்க போன் ஐகானைவிட மோசம். ஆனா ஒவ்வொரு ஸ்கேனிலும் தண்ணி கூடவே இருந்தது. நம்ம பளபள மெஷின்களில் தண்ணி ஸ்டோர் ரூமுக்குப் போயிடுச்சு.

இந்த எண்ணை வெச்சு நாங்க என்னெல்லாம் முடிவு பண்றோம்னு தெரிஞ்சா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீங்க. அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி. 10 அல்லது அதுக்குக் கீழே காட்டினா கொழுப்பு நிறைஞ்ச சாதுவான கட்டி, பெரும்பாலும் விட்டுடலாம். அதுக்கு மேலன்னா சந்தேகம், அடுத்த ஸ்கேன், அடுத்த டெஸ்ட். சிறுநீரகக் கல் 500-க்குக் கீழே இருந்தா யூரிக் அமிலக் கல்லா இருக்கலாம், மருந்தில் கரைக்கப் பார்க்கலாம். ஆயிரத்துக்கு மேலன்னா கால்சியம், மருந்து வேலைக்காகாது. இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு எவ்வளவுன்னு ஒரு ஸ்கோர் போடுவாங்களே, அதில் 130-ஐத் தாண்டின புள்ளிகளைத்தான் கணக்கில் எடுப்பாங்க. புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும்போது எவ்வளவு கதிர் எந்த ஆழத்துக்குப் போகும்னு கணக்குப் போடுறதே இந்த எண்களை வெச்சுத்தான். பக்கவாதத்தில் மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இருக்கிற வித்தியாசமே சுமார் 10 எண்தான். ஆரம்ப மணி நேரங்களில் அந்த வித்தியாசம் மங்குறதைத்தான் நாங்க கண்ணைச் சுருக்கிட்டுத் தேடுறோம்.

இப்ப ஒரு கதை. ஆளை அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன், எண்கள் நிஜம்.

ஐம்பது தாண்டின ஒரு பஸ் கண்டக்டர். கல் வலின்னு ஒரு சென்டர்ல வயிற்று சி.டி. எடுத்தார். கல் இருந்தது, சின்னது, தானா போயிடும். ஆனா ரிப்போர்ட்ல கடைசி வரி: இடது அட்ரினலில் 2 சென்டிமீட்டர் கட்டி, 19 ஹவுன்ஸ்ஃபீல்ட், மேற்கொண்டு ஆராயவும். அவ்வளவுதான். அந்த ஒரு வரியை மகள் கூகுளில் தேடியிருக்கா. மூணு நாளா வீட்டில் யாரும் சரியாச் சாப்பிடலை. அம்மா தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே என் முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. "சார், கேன்சரா?" அவர் மட்டும் அமைதியா, "டூட்டிக்குப் போகலாமா சார், லீவு தீர்ந்துபோச்சு"ன்னார்.

நான் ரேடியாலஜிஸ்ட் இல்லை, பொது மருத்துவர். ஆனா சி.டி.யை கம்ப்யூட்டரில் போட்டு நானே அளந்து பார்க்கிற பழக்கம் உண்டு. கட்டி 19-தான். ரிப்போர்ட் எழுதினவர் மேல தப்பில்லை. அப்புறம் சும்மா ஒரு சந்தேகத்துக்கு மூத்திரப்பையில் வெச்சு அளந்தேன். சிறுநீர் கிட்டத்தட்ட தண்ணி. 0-வோ, 5-ஓ, 8-ஓ காட்டணும். 17 காட்டுச்சு. பித்தநீர் 29. மண்ணீரலும் இருக்க வேண்டியதைவிட மேல. ஆளுக்குள்ள இருக்கிற எல்லாமே பத்துப் பன்னெண்டு எண் ஏறி நிற்குது.

சென்டருக்கு போன் போட்டேன். டெக்னீஷியன் தம்பி நல்ல பையன், மரியாதையா பேசினான். "தம்பி, வாட்டர் ஃபேண்டம் கடைசியா எப்ப ஓட்டினீங்க?" ஒரு மௌனம். "அந்த டப்பா ஸ்டோர் ரூம்ல இருக்கு சார். காலைல கூட்டம் நிக்குது சார், டைம் இருக்காது." ஃபேண்டம் என்பது ஒண்ணுமில்லை, தண்ணி நிரப்பின ஒரு உருளை. காலையில் முதல் நோயாளிக்கு முன்னாடி குழாயைச் சூடேத்தி, உள்ளே ஒண்ணும் வைக்காம காற்றை ஸ்கேன் பண்ணி, அப்புறம் இந்த உருளையை வெச்சு 0 காட்டுதான்னு பார்க்கணும். 5 வரைக்கும் மேலே கீழே போனா பரவாயில்லை. மொத்தம் கால் மணி நேர வேலை. அன்னிக்கு என் தொல்லை தாங்காம ஓட்டிப் பார்த்தான். தண்ணி 12 காட்டுச்சு. மாசக்கணக்கா யாரும் பார்க்கலை.

கம்பெனி இன்ஜினியர் வந்து சரி பண்ணினதுக்கு அப்புறம் அதே மெஷினில் கட்டியை மட்டும் திரும்ப எடுத்தாங்க, காசு வாங்கலை. 6. சாதுவான கட்டி. ஹார்மோன் டெஸ்ட்டும் சரியா இருந்தது. கண்டக்டர் டூட்டிக்குப் போயிட்டார்.

இதில் கெட்டவங்க யாரும் இல்லைங்கிறதுதான் பிரச்சனை. படம் அழகா இருந்துச்சு. ரிப்போர்ட் ஒழுங்கா இருந்துச்சு. எண் மட்டும் பொய் சொல்லிச்சு, எண் பொய் சொன்னா கண்ணுக்குத் தெரியாது. இதே மாதிரி எண் கீழே இறங்கியிருந்தா? 19 உள்ள சந்தேகக் கட்டியை 7-ன்னு காட்டியிருந்தா "ஒண்ணுமில்லை, போங்க"ன்னு அனுப்பியிருப்போம். அந்தக் கதையை யாரும் த்ரெட்டா எழுத மாட்டாங்க, ஏன்னா யாருக்கும் தெரியவே தெரியாது.

இது நூறு வருஷம் பழகின, ஒரே ஒரு குழாய் இருக்கிற மெஷின். இப்ப நானோ குழாய்க்கு வாங்க.

ஒரு குழாய்க்குப் பதிலா 31, 60, 100 மூலங்கள். ஒவ்வொண்ணும் தனித்தனி ஆள். நானோ குழாய்களைப் பூசிச் செய்யற ஒவ்வொரு முனையிலும் குழல்கள் வேற வேற உயரத்தில், வேற வேற நெருக்கத்தில் நிற்கும். ஒண்ணு கொஞ்சம் முன்னாடியே எலக்ட்ரானை விடும், இன்னொண்ணு சண்டித்தனம் பண்ணும். இந்த வகையில் வோல்டேஜ் லேசா அசைஞ்சாலே கரண்ட் மடங்கு கணக்கில் மாறும், அதன் இயற்பியலே அப்படி. குழாய்க்குள்ள மிச்சம் மீதி இருக்கிற வாயு முனையில் ஒட்டினா கரண்ட் மாறும். உள்ளே ஒரு பொறி பறந்தா சில முனைகள் கருகும். நல்ல மின்சுற்று வெச்சு கரண்ட்டை நிலையா பிடிச்சு நிறுத்தலாம், நிறுத்துறாங்க. ஆனா நூறு பேரும் ஒரே மாதிரி வயசாக மாட்டாங்க.

அடுத்தது இடம். எக்ஸ்ரே எந்தப் புள்ளியிலிருந்து கிளம்பிச்சுன்னு மில்லிமீட்டரின் ஒரு பங்கு வரைக்கும் தெரிஞ்சாத்தான் கம்ப்யூட்டர் படத்தைச் சரியா கட்ட முடியும். சுத்துற குழாய்க்கு ஒரு ஆட்டம் இருந்தா அது ஒவ்வொரு சுத்திலும் அதே ஆட்டம், ஒருமுறை அளந்து கழிச்சுடலாம். வரிசையில் நிற்கிற நூறுக்கும் நூறு தடவை அளக்கணும். குண்டு மணி மாதிரி சின்ன இரும்பு உருண்டைகளை வரிசையா பதிச்ச ஒரு ஃபேண்டத்தை வெச்சு இதைச் செய்வாங்க. ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்வார். குண்டும் குழியுமான ரோட்டில் ஓடுற ஆம்புலன்ஸுக்குள்ள யார் செய்வா?

இன்னொண்ணு. சுத்துற மெஷின் ஒரு சுத்துக்கு ஆயிரம் கோணத்திலிருந்து பார்க்கும். வரிசையில் நிற்கிற மூலங்கள் எத்தனையோ அத்தனை கோணம்தான். இடையில் விட்டுப்போனதை சாஃப்ட்வேர் ஊகிச்சு நிரப்புது. ஊகம் கண்ணுக்கு அழகா இருக்கும். ஊகிச்ச எண்ணை வெச்சு 10-க்கு மேலயா கீழயான்னு நான் எப்படி முடிவு பண்றது? பல் டாக்டர்கிட்ட இம்ப்ளான்ட் வைக்கும்போது தாடையைச் சுத்தி ஒரு கூம்புக் கதிர் ஸ்கேன் எடுப்பாங்களே, அதில் இதே மாதிரி பிரச்சனை ஏற்கெனவே இருக்கு. அகலமான கதிர், சிதறி வர்ற எக்ஸ்ரே, அதனால அதில் வர்ற எண்ணை ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணா நம்பக் கூடாது. பல் எங்கே, நரம்பு எங்கேன்னு பார்க்க அது அருமையான கருவி. அளக்க இல்லை.

ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? நானோ குழாய் ஏற்கெனவே கடையில் விற்குது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிற மைக்ரோ-எக்ஸ் நிறுவனம் வார்டுக்கு வார்டு தள்ளிட்டுப் போற எக்ஸ்ரே மெஷினை இந்தத் தொழில்நுட்பத்தில் செஞ்சு, அமெரிக்காவிலும் அனுமதி வாங்கி விற்குது. எடை குறைவு, நல்ல மெஷின். அது சாதாரண எக்ஸ்ரே. நிழல் விழுந்தா போதும், எண் வேண்டாம். அதே நிறுவனம் ஆம்புலன்ஸில் வைக்கிற தலை சி.டி.யை வருஷக்கணக்கா உருவாக்கிட்டு இருக்கு. அதுக்கு இவ்வளவு காலம் பிடிக்குதுன்னா காரணம் சோம்பேறித்தனம் இல்லை. படம் போதும் என்கிற இடத்தில் நானோ குழாய் ஜெயிச்சாச்சு. எண் வேணும் என்கிற இடத்தில் இன்னும் வியர்வை சிந்துது. ஃபார்வர்ட் இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பி விற்குது.

"அதெல்லாம் ஏ.ஐ. சரி பண்ணிடும் டாக்டர்"னு ஒரு கமென்ட் வரும், இப்பவே தெரியும். ஏ.ஐ. தராசில் என்ன எண் வருதோ அதைத்தான் படிக்கும். தராசே தப்புன்னு அதுக்கு யார் சொல்றது? தப்பான எண்ணை இன்னும் தைரியமா சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"படம் நல்லா இருந்தா தப்பு தானா தெரிஞ்சிடும்"னு நினைக்கிறவங்களுக்கு ஒரு நிஜ சம்பவம். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிற சீடார்ஸ்-சைனாய், உலகப் பேர் வாங்கின ஆஸ்பத்திரி. பக்கவாத நோயாளிகளுக்கு எடுக்கிற மூளை ரத்த ஓட்ட சி.டி.க்கான செட்டிங்கை மாத்தும்போது ஒரு பிழை நடந்தது. இருக்க வேண்டியதைப்போல எட்டு மடங்கு டோஸ். 18 மாசம். 206 நோயாளிகள். 2009 அக்டோபரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிஞ்சது. எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? மெஷின் சொல்லலை. டாக்டர்கள் சொல்லலை. ஒரு நோயாளி தலையில் பட்டை பட்டையா முடி கொட்டுதுன்னு வந்து நின்னார். டோஸ் அதிகமானா படம் இன்னும் தெளிவாத்தான் வரும், யார் சந்தேகப்படுவா? அது செட்டிங் பிழை, நான் பேசறது எண் விலகல், ரெண்டும் வேற வேற. ஆனா ரெண்டிலும் ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவர் திருப்தியாத் தலையாட்டிட்டு இருப்பார்.

நம்ம ஊருக்கு வருவோம். பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தா 5 லிட்டர் கேனில் அளந்து காட்டுன்னு கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. மளிகைக் கடை மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போடணும். சி.டி. மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேணும், மாடலுக்கே வாரியத்தின் ஒப்புதல் வேணும், ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை தரப் பரிசோதனை பண்ணணும். விதி இருக்கு, நல்ல விதி. ஆனா ரெண்டு பரிசோதனைக்கு நடுவில் இருக்கிற எழுநூத்துச் சொச்சம் காலைகளில் அந்தத் தண்ணி உருளையைத் தூக்கி வைக்கிறது யார்? விளம்பரப் பலகையில் "128 ஸ்லைஸ்"னு ஆள் உயரத்துக்கு எழுதுறாங்க. "இன்று தண்ணீர்: 1"னு ஒரு ஸ்லேட்டில் எழுதி ரிசப்ஷனில் வைக்கிற ஒரு சென்டரைக் காட்டுங்க, என் நோயாளிகளை எல்லாம் அங்கேயே அனுப்புறேன்.

ஒரு குழாய் மெஷினுக்கே இந்த லட்சணம் என்றால் நூறு குழாய் மெஷின் நாளைக்கு வரும்போது ரெண்டு வருஷக் கணக்கு போதுமா? ஒவ்வொரு மூலத்துக்கும் தனி அளவு எடுக்கணும்னு விதி எழுதணும். எந்த மூலம் எப்ப சோர்ந்துபோச்சுன்னு மெஷினே பதிவு பண்ணி, அந்தப் பதிவை மருத்துவ இயற்பியலாளர் பார்க்கணும். தண்ணி சரியா வரலைன்னா ஸ்கேன் பட்டனே வேலை செய்யக் கூடாது. இதெல்லாம் செய்ய முடியாத காரியம் இல்லை. மெஷின் விற்பனைக்கு வந்ததுக்கு அப்புறம் கேட்டா நடக்காது, இப்பவே கேட்டா நடக்கும். என் நண்பருக்கும் இதையேதான் சொன்னேன்: வாங்கு, தாராளமா வாங்கு. விலையோட காலிபரேஷனுக்கு ஆள், நேரம், காசு எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு வாங்கு. ஒரு மருத்துவ இயற்பியலாளருக்குச் சம்பளம் கொடுக்க மனசில்லைன்னா டீக்கடை வை, லாபம் அதிகம்.

"நீங்க புதுசுன்னாலே எதிர்க்கிறீங்க"ன்னு சொல்லாதீங்க. பக்கவாதம் வந்து நாலு மணி நேரம் கழிச்சு கிராமத்திலிருந்து வர்றவங்களை வாரா வாரம் பார்க்கிறவன் நான். ஆம்புலன்ஸிலேயே தலை சி.டி. எடுத்து, ரத்தக்கசிவா அடைப்பான்னு அங்கேயே தெரிஞ்சு, வழியிலேயே ஊசி போட முடிஞ்சா அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இல்லை. ஆனா அந்த ஊசியைப் பத்தி யோசிங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி. உள்ளே கசிவு இருக்கும்போது போட்டா ஆள் போயிடுவார். கசிவு இருக்கா இல்லையான்னு சொல்றது அந்த 60-க்கும் 35-க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம். அதைச் சொல்ற மெஷினிடம் நான் கறாராத்தான் இருப்பேன்.

நீங்க என்ன செய்யலாம்? முதல்ல, அவசரத்தில் எதுவும் கேட்காதீங்க. முகம் கோணி, கை தூக்க முடியாதவரைக் கூட்டிட்டுப் போய் வாசலில் நின்னு காலிபரேஷன் சர்டிஃபிகேட் கேட்டா நானே வந்து திட்டுவேன். எது கிட்ட இருக்கோ அங்கே போங்க. ஆனா நாள் குறிச்சு எடுக்கிற ஸ்கேன்னா, கட்டி, கல், இதய கால்சியம் ஸ்கோர் மாதிரி, தயங்காம கேளுங்க: வாரிய உரிமம் இருக்கா, தரப் பரிசோதனை கடைசியா எப்ப நடந்தது, இன்னிக்குக் காலையில தண்ணி எவ்வளவு காட்டுச்சு. முறைப்பாங்க. பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டா பதினொண்ணாவது நாள் டப்பா ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வந்துடும். மறுபடி மறுபடி எடுக்க வேண்டிய ஸ்கேன்னா முடிஞ்சவரை அதே மெஷினில் எடுங்க. ஃபிலிம் மட்டும் வாங்காதீங்க, சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ முழு ஸ்கேனையும் கேட்டு வாங்குங்க, அது உங்க பொருள். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண்ணை வெச்சுப் பெரிய முடிவு சொன்னா, "இதே படத்தில் மூத்திரப்பை எவ்வளவு காட்டுது டாக்டர்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. கோபப்படாத டாக்டர்னா அவரை விட்டுடாதீங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். இதைப் படிச்சுட்டு உங்க ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிச்சு போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்பாதீங்க. போட்டோவில் எண் இருக்காது. நான் எதை அளக்கிறது?